சராசரி உபாத்தியாயர்

நாட்டில் உபாத்தியாயர் பஞ்சம் என்று யாராவது வாயைத் திறந்தால், சர்க்கார் தரப்பில் பதில் தயாராக இருக்கிறது. பஞ்சமா, எங்கே? 2024-25ஆம் வருஷத்துக் கணக்கைப் பாருங்கள். நாட்டின் ஆசிரியர் தொகை முதல் தடவையாக ஒரு கோடியைத் தாண்டிவிட்டது. அடித்தள வகுப்புகளில் 10 பிள்ளைகளுக்கு ஒருவர், அதற்கடுத்த வகுப்புகளில் 13 பிள்ளைகளுக்கு ஒருவர். சட்டம் கேட்பது 30க்கு ஒருவர்தானே! கேட்டவர் வாயை மூடிக்கொண்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

நான் போவதாக இல்லை. அதே வருஷத்துக் கணக்கில் இன்னோர் எண்ணும் இருக்கிறது. நாட்டில் 1,04,125 பள்ளிகளில் ஆசிரியர் ஒரே ஒருவர். அங்கே படிக்கும் பிள்ளைகள் 33 லட்சத்துக்கு மேல். எனக்குத் தெரிந்த வகுத்தலில் பள்ளிக்கு 32 பிள்ளைகள் வருகிறது. 2009ஆம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டமோ, 60 பிள்ளைகள் வரை உள்ள தொடக்கப் பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்கள் என்கிறது. அதற்கும் முன்னால், 1987லேயே, கரும்பலகைத் திட்டம் என்று ஒன்று போட்டு, ஓராசிரியர் பள்ளிகளுக்கெல்லாம் இரண்டாவது ஆசிரியர் வருவார் என்று வாக்குக் கொடுத்தார்கள். பல பள்ளிகளுக்கு அவர் இன்னும் வந்துகொண்டே இருக்கிறார்.

கதை எழுதுகிறவனுக்குச் சராசரி மனிதன் என்று ஒருவன் கிடையாது. அவனைப் பெற்ற தாயும் இல்லை, அவன் குடியிருக்கும் தெருவும் இல்லை. காரியாலயங்களில்தான் அவன் சௌக்கியமாக வாழ்கிறான்.

பைல் நாடு எங்கே இருக்கிறது என்று வாசகர்களில் பலருக்குத் தெரிந்திராது. நாமக்கல் ஜில்லாவில், காரவள்ளி அடிவாரத்திலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் கொல்லிமலை. மேலே வளப்பூர் நாடு, அரியூர் நாடு, தின்னனூர் நாடு என்று 14 நாடுகள். அவற்றில் ஒன்று பைல் நாடு. மலையாளிப் பழங்குடி ஜனங்களின் பூமி. மிளகு, காப்பி, பலா, அன்னாசி எல்லாம் கீழே இறங்கி வருகின்றன. ஏறிப் போகவேண்டியவைதாம் தயங்குகின்றன.

இப்படிப்பட்ட இடத்தில் ஐந்து வகுப்பும் 20 பிள்ளைகளும் உள்ள ஒரு பள்ளியை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு ஆசிரியர்கள் இருந்தால் 10 பிள்ளைகளுக்கு ஒருவர். காகிதத்தில் அது பட்டணத்துக் கான்வென்டையே தோற்கடித்துவிடும்! ஒருவர் மாற்றலாகிப் போய்விடுகிறார். 20க்கு ஒருவர், அப்போதும் 30க்குள்தான். மிஞ்சியவர் அரிச்சுவடியையும் ஐந்தாம் வகுப்புக் கணக்கையும் ஒரே நேரத்தில் நடத்த வேண்டும். அவருக்குக் காய்ச்சல் வந்தால் பள்ளிக்கே காய்ச்சல். சராசரியின் உடம்பு மட்டும் சூடு காண்பதில்லை.

"பிள்ளை குறைந்த பள்ளியை மூடிப் பெரிய பள்ளியோடு சேர்த்துவிட்டால் போயிற்று" என்று சொல்லும் புத்திசாலிகள் உண்டு. வரைபடத்தில் இரண்டு கிலோமீட்டர் என்பது, ஆறு வயதுக் குழந்தையின் காலுக்கு, ஆடி மழையில், காட்டு வழியில் எவ்வளவு தூரம் என்பதை அவர்கள் நடந்து பார்த்துச் சொல்லட்டும்.

கணக்கே வேண்டாம் என்பவன் அல்ல நான். சரியான கேள்வியைக் கேளுங்கள் என்கிறேன். தமிழ்நாட்டில் ஆகஸ்டு முதல் தேதிப் பிள்ளைத் தொகையை வைத்துப் பணியிடம் நிர்ணயிப்பது வழக்கம். தலையை எண்ணியாயிற்று, சரி. அந்தப் பணியிடம் எத்தனை மாதம் காலியாகக் கிடந்தது? வந்தவர் எத்தனை வருஷம் தங்கினார்? பயிற்சி, கூட்டம் என்று எத்தனை நாள் கீழே இறங்கினார்? பள்ளி வாரியாக இவற்றுக்குப் பதில் தெரிந்தால், யாரை எங்கே அனுப்புவது என்பது தானே தெரியும்.

காம்பியா என்ற சின்னஞ்சிறு ஆப்பிரிக்க தேசம் இதைச் செய்தது. எட்டாக்கைப் பள்ளிகள் எவை என்று கண்டறிந்து, 2006 முதல் அங்கே வேலை பார்ப்பவருக்கு அடிப்படைச் சம்பளத்தில் 30 முதல் 40 சதவிகிதம் கூடுதலாகக் கொடுத்தது. ஆசிரியர்கள் தாங்களே கேட்டு அந்த ஊர்களுக்குப் போனார்கள். பக்கத்துக் கர்நாடகம் 2007ல் சட்டமே செய்து, பள்ளிகளை மூன்று மண்டலங்களாகப் பிரித்து மாற்றலை ஒழுங்குபடுத்தியது. நம்மிடம் எண்களுக்கா பஞ்சம்? பிள்ளையின் வருகை முதல் விலையில்லாச் செருப்பு வரை கணினியில் ஏற்றவேண்டியிருக்கிறது என்று ஆசிரியர் சங்கங்கள் பல வருஷங்களாக முறையிட்டு வருகின்றன. ஓராசிரியர் பள்ளியில் அதை ஏற்றுவது யார்? அந்த ஒருவர்தான். ஆள் இல்லை என்ற புள்ளிவிவரத்தைத் தயார் செய்வதற்காக, இருக்கிற ஆளும் வகுப்பைவிட்டு எழுந்து போகிறார்!

ஆகவே புதிதாக எதையும் சேகரிக்க வேண்டாம். பள்ளியின் பெயர், இருக்கவேண்டிய ஆசிரியர் எத்தனை, இருப்பவர் எத்தனை, காலியிடம் எந்தத் தேதியிலிருந்து, எந்தத் தேதிக்குள் நிரப்பப்படும். இவ்வளவையும் தமிழில் எழுதிப் பஞ்சாயத்துக் கட்டடத்தின் சுவரில் ஒட்டுங்கள், பைல் நாட்டு ஜனங்கள் படித்துக் கேள்வி கேட்கட்டும். 14 நாடுகளுக்கு 14 காகிதம். ஆகஸ்டுக் கணக்கு எடுக்கும் அதே வாரத்தில்தான், ஆடி 17, 18 தேதிகளில், வல்வில் ஓரி விழாவுக்காக அதிகாரிகள் செம்மேட்டுக்கு மலை ஏறுகிறார்கள். வள்ளலுக்கு எடுத்துப் போகும் மாலையோடு, காரில் அந்த 14 காகிதத்துக்கும் இடம் இருக்கும்.