வெல்டிங் மெஷின் ‘காயலான் கடை’க்குத்தான் போகணுமா?

பழைய இரும்புக் கடைக்கு ‘காயலான் கடை’ என்ற பெயர் காயல்பட்டினத்து வியாபாரிகளால் வந்தது என்பார்கள். உப்புக்காற்றில் இரும்பு அரிக்கும் அந்தக் கடலோரத்தில் வெல்டிங் வேலைக்குப் பஞ்சமில்லை. ஆனால் இன்வெர்ட்டர் மெஷினில் பவர் மாட்யூல் போய்விட்டால், ‘அந்த மாடல் இப்ப வர்றதில்லையே’ என்ற பதிலோடு மெஷினே காயலான் கடைக்குப் போகிறது.

அது என்ன மாட்யூல்?

கரண்ட்டை நொடிக்குப் பல்லாயிரம் முறை ஆன்-ஆஃப் செய்யும் ஐஜிபிடி ஸ்விட்ச்களும் டயோடுகளும் அடங்கிய டப்பா. உள்ளே ஒன்று போனாலும் மொத்தமும் காலி.

வேற வழி இருக்கா?

இருக்கு. அதே வோல்டேஜ், ஆம்பியர் தாங்கும் ஐஜிபிடி, டயோடுகளைத் தனித்தனியாக வாங்கிப் பொருத்தலாம். அவற்றின் முதுகுப்புற உலோகத்தில் கரண்ட் இருக்கும் என்பதால், ஹீட் சிங்க்குக்கு நடுவே இன்சுலேஷன் ஷீட் அவசியம். 230 வோல்ட் மெஷினின் கெப்பாசிட்டரில் சுமார் 325 வோல்ட் டிசி, ஸ்விட்சை அணைத்த பிறகும் தேங்கி நிற்கும். விஷயம் தெரிந்த மெக்கானிக் மட்டுமே கை வைக்க வேண்டும்.

சிக்கல் எங்கே?

அந்த மெக்கானிக்குக்கும் சர்க்யூட் படம் கிடைப்பது அரிது. 2022-ல் மத்திய அரசு முன்னெடுத்த ‘பழுதுபார்க்கும் உரிமை’ திட்டம் விவசாயக் கருவி, செல்போன், வீட்டு உபயோகப் பொருள், வாகனம் ஆகிய நான்கு துறைகளில் தொடங்கியது. பட்டறைக் கருவிகளையும் அதில் சேர்க்க வேண்டும். உதிரிபாகத்தை நிறுத்தும் கம்பெனி, சர்க்யூட் படத்தையாவது கொடுக்கட்டும். செல்போனுக்கு உள்ள உரிமை, சோறு போடும் மெஷினுக்கு இல்லை என்பது என்ன நியாயம்?