மேசையில் இருந்த மூன்றாவது சீட்டு

பிரெஞ்சு பாலினேசியாவில் வாக்குச்சாவடிக்குள் நுழைபவர் முதலில் ஒரு மேசை முன் நிற்பார். போட்டியிடும் ஒவ்வொரு பட்டியலுக்கும் தனித்தனியாக வாக்குச்சீட்டுகள் கட்டுக்கட்டாக அடுக்கியிருக்கும். ஒரே ஒரு சீட்டை மட்டும் எடுத்தால் யாருக்கு வாக்கு என்று அங்கேயே தெரிந்துவிடும் என்பதால், எல்லாக் கட்டிலிருந்தும் ஒன்றொன்று எடுத்துக்கொண்டு திரைக்குப் பின்னால் போவார்கள். வேண்டிய சீட்டு உறைக்குள் போகும், மற்றவை குப்பைக்கூடைக்கு. பிறகு எல்லோர் கண்ணுக்கும் தெரியும் ஒளிபுகும் பெட்டிக்குள் அந்த உறை விழும்.

2023 ஏப்ரல் 30 அன்று நடந்த பேரவைத் தேர்தலின் இரண்டாம் சுற்றில் அந்த மேசை மீது மூன்று கட்டுகள் இருந்தன. ஒன்று, பிரான்சிடமிருந்து விடுதலை வேண்டும் என்னும் தவீனி கட்சியுடையது. இன்னொன்று, அப்போது ஆட்சியிலிருந்த தபுரா கட்சியுடையது. அது பிரான்சுக்குள் தன்னாட்சியோடு இருப்போம் என்னும் தரப்பு. மூன்றாவது, ‘ஆ ஹெரே இயா போரினேத்தியா’ என்ற சில ஆண்டுகளே ஆன நடுநிலைக் கட்சியுடையது. இதுவும் தன்னாட்சித் தரப்புதான். ஆனால் ஆளுங்கட்சியின் பழக்கவழக்கங்கள் பிடிக்காமல் அதிலிருந்து வெளியேறியவர்கள் தொடங்கியது.

முடிவு வந்தது. தவீனிக்கு 44 சதவீதம், தபுராவுக்கு 38 சதவீதத்துக்குச் சற்று மேல், மூன்றாவது கட்சிக்கு 17 சதவீதம். பேரவையில் மொத்தம் 57 இடங்கள். தவீனி 38 இடங்களை அள்ளியது. 17 சதவீத வாக்கு வாங்கிய கட்சிக்குக் கிடைத்தவை 3.

தன்னாட்சி கேட்கும் இரு கட்சிகளின் வாக்குகளைக் கூட்டினால் பாதிக்கு மேல் வருகிறது. ஆட்சியோ விடுதலை கேட்கும் கட்சிக்குப் போனது. மூன்றாவது கட்சியின் தலைவர்களான நூய்ஹாவ் லோரேயும் நிக்கோல் சான்கேரும் வாக்கைப் பிரித்துவிட்டார்கள் என்ற குற்றச்சாட்டு உடனே கிளம்பியது. அந்தக் கட்சியைப் பற்றிப் பேசும்போதெல்லாம் இன்றும் இதே பல்லவிதான். இந்தக் குற்றச்சாட்டு தவறு. அந்த 17 சதவீதம் யாருடைய பரம்பரைச் சொத்தும் அல்ல. முதல் சுற்றில் 12.5 சதவீதம் என்ற வரம்பைத் தாண்டி, இரண்டாம் சுற்றில் நிற்கும் உரிமையைச் சொந்தக் காலில் ஈட்டிய கட்சி அது. தபுராவோ, தன் தலைவர் எதுவார் ஃப்ரிட்ச் பல ஆண்டுகளாகப் பகைத்துக்கொண்டிருந்த முன்னாள் அதிபர் காஸ்தோன் ஃப்ளோசுடன் இரு சுற்றுகளுக்கும் இடைப்பட்ட நாட்களில் கைகோத்தது. கொரோனா கட்டுப்பாடுகள் ஊரெல்லாம் அமலில் இருந்த 2021 ஆகஸ்டில் துணை அதிபரின் திருமணத்துக்கு நூற்றுக்கணக்கானோர் கூடியதை மக்கள் மறந்திருக்கவில்லை. 2022-ல் ஒவ்வொரு பொருள் மீதும் சேவை மீதும் விதித்த ஒரு சதவீத வரி கடைக்குப் போகும்போதெல்லாம் கண்ணில் பட்டது. தோல்விக்கான காரணத்தை வீட்டுக்குள்ளேயே தேடியிருக்கலாம்.

இந்தத் தகராறின் அருமை புரிய அந்த நிலத்தைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். ஐந்து தீவுக்கூட்டங்கள், நூற்றுக்கும் மேற்பட்ட தீவுகள், மக்கள்தொகை ஏறத்தாழ 2,80,000. தலைநகர் பப்பேத்தே, பாரிசிலிருந்து 15,000 கிலோமீட்டருக்கும் அப்பால். பள்ளிக்கல்வி, மருத்துவம், வரி, மீன்வளம், தொழிலாளர் சட்டம் எல்லாம் உள்ளூர் அரசின் கையில். பாதுகாப்பு, நீதி, நாணயம், குடியுரிமை, காவல் ஆகியவை பாரிசின் கையில். புதுச்சேரிக்காரர்களுக்கு இந்த வரலாற்றின் முன்பக்கம் பழக்கமானதே. பிரெஞ்சு இந்தியாவும் ஓசியானியாவின் பிரெஞ்சுத் தீவுகளும் ஒரே காலனி நிர்வாக அமைப்பின் கீழ் இருந்தவை. 1946-ல் இரண்டுமே ‘கடல் கடந்த ஆட்சிப்பகுதி’ ஆயின. ஒன்று 1954-ல் இந்தியாவோடு சேர்ந்தது. மற்றது 1958 வாக்கெடுப்பில் பிரான்சோடு இருக்கச் சம்மதித்தது. வேண்டாம் என்று பிரசாரம் செய்த புவானா ஆ ஊபா என்ற மக்கள் தலைவரை அதே ஆண்டில் கைது செய்து, பிறகு நாடுகடத்தினார்கள். அவர் மீதான தீர்ப்பை பிரெஞ்சு நீதிமன்றம் ரத்து செய்தது 2018-ல். அவர் இறந்து 41 ஆண்டுகள் கழித்து.

தன்னாட்சி என்ற சொல் அங்கே எதிர்ப்பாகப் பிறந்தது என்பதை இன்று பலர் மறந்துவிட்டார்கள். 1976-ல் ஃபிரான்சிஸ் சான்ஃபோர்டின் ஆட்கள் பேரவைக் கட்டடத்தைக் கைப்பற்றி மாதக்கணக்கில் உட்கார்ந்த பிறகுதான், 1977-ல் பாரிஸ் முதல் தன்னாட்சிச் சட்டத்தைக் கொடுத்தது. அன்று அதை எதிர்த்தவர்களில் ஃப்ளோஸ் முக்கியமானவர். சில ஆண்டுகளில் அவரே அந்தச் சொல்லைத் தன் கொடியில் எழுதிக்கொண்டார். 1984-ன் விரிவான சட்டம் வந்தபோது ஆட்சியில் இருந்தவரும் அவரே. அதிலிருந்து ‘தன்னாட்சி’ என்றால் ஃப்ளோசின் தாஹோயெரா கட்சி, ‘விடுதலை’ என்றால் ஒஸ்கார் தெமாருவின் தவீனி கட்சி என்று ஊர் இரண்டாகப் பிரிந்தது. ஒருபுறம் ஆரஞ்சு நிறம், மறுபுறம் வெளிர்நீலம்.

தன்னாட்சி வேண்டும், ஆனால் ஃப்ளோசின் ஆட்சிமுறை வேண்டாம் என்று நினைத்தவர் எங்கே போவார்? 1990-களில் அந்தக் கேள்விக்கு ஒரு விடை அருவே என்ற ஊரிலிருந்து வந்தது.

அருவே, பப்பேத்தேக்குக் கிழக்கே, கடலோரம். 1880-ல் தன் நாட்டை பிரான்சுக்கு எழுதிக்கொடுத்த கடைசி மன்னர் ஐந்தாம் பொமாரேயின் பவளக்கல் கல்லறை அங்கேதான் இருக்கிறது. அந்த ஊரின் மேயர் போரிஸ் லியோன்டியெஃப் தொடங்கிய கட்சியின் பெயர் ‘ஃபெத்தியா ஆப்பி’. தாஹித்திய மொழியில் புதிய விண்மீன் என்று பொருள். பிரான்சோடு உறவை முறிக்க வேண்டாம், ஆனால் பப்பேத்தேயின் கஜானாவுக்குக் கணக்குக் கேட்க வேண்டும் என்பது அதன் நிலை. 2001 தேர்தலில் 49 இடங்களில் 7 பெற்றது. இரு பெரும் முகாம்களுக்கு நடுவே தனியாக நின்று ஏழு இடம் பெறுவது எளிதல்ல.

மறு ஆண்டு, 2002 மே 23. பிரெஞ்சு நாடாளுமன்றத் தேர்தலுக்கான பிரசாரத்தில் லியோன்டியெஃப் ஒரு சிறு விமானத்தில் துவாமோத்து தீவுகளின் மேலே பறந்துகொண்டிருந்தார். கூடவே மார்க்கேசாஸ் தீவுகளின் நுக்கு ஹிவா மேயர் லூசியன் கிமிதேத்தேயும் கட்சிக்காரர்களும் இருந்தார்கள். விமானம் கடலில் மறைந்தது. துவாமோத்து என்பது தண்ணீரோடு தண்ணீராகத் தட்டையாகக் கிடக்கும் பவளத் திட்டுகள். மேற்கு ஐரோப்பா அளவு கடலில் சிதறிய சில பொட்டுகள். அங்கே வாக்குக் கேட்பதென்றால் விமானத்தில்தான் போக வேண்டும். ஒரு கட்சி தன் தலைவரையும், மார்க்கேசாஸ் மக்கள் தங்கள் ஊரின் பெரிய குரலையும் ஒரே நாளில் இழந்தனர்.

சரியாக இரண்டு ஆண்டுகள் கழித்து, 2004 மே 23-ல், பேரவைத் தேர்தல். அந்த ஆண்டுதான் பிரான்ஸ் ஒரு புதிய விதியைக் கொண்டுவந்திருந்தது: முதலிடம் பெறும் பட்டியலுக்கு இடங்களில் மூன்றில் ஒரு பங்கு போனஸ். ஃப்ளோசின் நீண்ட ஆட்சியை இது உறுதிப்படுத்தும் என்று எல்லோரும் நினைத்தார்கள். ஆனால் தாஹித்தி உள்ளிட்ட பெரிய தொகுதியில் தெமாருவின் கூட்டணி நானூறுக்கும் குறைவான வாக்குகளில் முந்தியது. போனஸ் அவர்களுக்குப் போனது. ஃப்ளோசுக்கு 28, தெமாருவுக்கு 27. மீதி இரண்டு இடங்களில் ஒன்று ஃபெத்தியா ஆப்பியின் புதிய தலைவர் பிலிப் ஷிலுக்கு. இன்னொன்று நிக்கோல் பூதோ என்ற தன்னாட்சியாளருக்கு.

இருவரும் மாற்றத்தின் பக்கம் நின்றார்கள். 27 உடன் இரண்டு சேர்ந்தால் 29. 57 பேர் கொண்ட பேரவையில் அதுவே பெரும்பான்மை. இரு தன்னாட்சியாளர்கள் விடுதலைத் தலைவர் ஒருவரை ஆட்சியில் ஏற்றினார்கள். தெமாரு உடனே விடுதலை அறிவிக்கப் போவதில்லை என்பது அவர்களுக்குத் தெரியும். ஒரே மனிதரின் பிடியில் நிர்வாகம் இருக்கக்கூடாது என்பதே அன்றைய அவசரம். நடுநிலைக் கட்சி ஒன்று தன் வாழ்நாளில் செய்யக்கூடிய மிகப் பெரிய வேலையை அவர்கள் அன்று செய்தார்கள் என்பதில் சந்தேகம் வேண்டாம்.

அந்த ஆட்சி நாலு மாதம் நீடித்தது. பிறகு வந்தது, அந்தத் தீவுகளில் இன்றும் தலைகுனிவோடு நினைவுகூரும் காலம். 2004 ஜூனிலிருந்து 2011 ஏப்ரல் வரை தெமாரு, ஃப்ளோஸ், காஸ்தோன் தோங் சாங் என மூன்று பேருக்குள்ளேயே அதிபர் நாற்காலி பத்து முறை கைமாறியது. நம்பிக்கையில்லாத் தீர்மானமும் கட்சித் தாவலும் அன்றாடச் செய்தி. இந்தச் சுழலில் ஃபெத்தியா ஆப்பியும் நனைந்தது. 2006-ல் ஷில் ஃப்ளோஸ் தரப்பின் வாக்குகளையும் பெற்றுப் பேரவைத் தலைவரானார். 2008-ல் கட்சி தோங் சாங்கின் கூட்டணிக்குள் போனது. அங்கே போனபின் அதற்கென்று ஒரு குரல் கேட்கவே இல்லை. 2013-ல் தேவா ரோஃப்ரிட்ச் தலைமையில் ‘ஆ தியா போரினேத்தியா’ என்ற இன்னொரு நடுநிலைக் கட்சி 8 இடம் பெற்றது. மூன்று ஆண்டுகளில் அதுவும் ஃப்ரிட்சின் தபுராவில் கரைந்தது.

நடுநிலைக் கட்சிகளுக்கு எதிரிகளால் வந்த ஆபத்தைவிட, பெரிய வீட்டின் திண்ணையில் இடம் கிடைத்ததால் வந்த ஆபத்து அதிகம். அமைச்சர் பதவி, பேரவைத் தலைவர் பதவி, பொதுப் பட்டியலில் நல்ல இடம் என்று ஒவ்வொரு முறையும் ஒன்று கிடைத்தது. ஒவ்வொரு முறையும் அடுத்த தேர்தலில் வாக்காளருக்கு அந்தச் சீட்டே மேசையில் இல்லாமல் போனது.

‘ஆ ஹெரே இயா போரினேத்தியா’வுக்கும் இதே கண்டம் காத்திருக்கிறது. அதன் தலைவர்களும் வானத்திலிருந்து குதித்தவர்கள் அல்லர். லோரே முன்னாள் துணை அதிபர், நிதியமைச்சர். சான்கேர் முன்னாள் கல்வியமைச்சர். தாங்கள் உள்ளே இருந்து நடத்திய அரசைத்தான் வெளியே வந்து விமர்சிக்கிறார்கள் என்ற கேள்விக்கு அவர்கள் பதில் சொல்லியே ஆக வேண்டும். ஆனால் அந்த அனுபவமே அவர்கள் பலம். உள்ளூர் பட்ஜெட்டின் எந்த வரியில் எவ்வளவு போகிறது என்று அறிந்தவர் பேரவையில் எதிர்க்கட்சி வரிசையில் இருப்பது, விடுதலைக் கட்சி ஆளும் இந்தக் காலத்தில் எல்லோருக்கும் நல்லது.

ஏனென்றால் அந்தத் தீவுகளின் அன்றாடச் சிக்கல்கள் கொடியின் நிறம் கேட்டு வருவதில்லை. பெரும்பாலான பொருட்கள் கப்பலேறி வருகின்றன. அரிசி, சர்க்கரை, ரொட்டி போன்ற அத்தியாவசியப் பொருட்களின் விலையை அரசு கட்டுப்படுத்தியும், சம்பளத்தில் பெரும்பகுதி சாப்பாட்டுக்கே போய்விடுகிறது. 1966 முதல் 1996 வரை மொரூரோவா, ஃபங்காதௌஃபா தீவுகளில் பிரான்ஸ் நடத்திய 193 அணுகுண்டுச் சோதனைகள் இன்னொரு கடன். கொப்பரையும் மீனும் நம்பி வாழ்ந்தவர்களைச் சம்பளத்துக்கு இழுத்துத் தலைநகரில் குவித்தது அந்தச் சோதனை மையம். அது மூடியபின் பாரிஸ் ஆண்டுதோறும் அனுப்பும் பணத்தில்தான் பொருளாதாரம் பாதி மூச்சு விடுகிறது. நோயாளிகளுக்கான இழப்பீட்டுச் சட்டம் 2010-ல்தான் வந்தது. பாரிஸ் அனுப்பும் பணத்தை உரிமையாகக் கேட்க வேண்டும், சலுகையாக அல்ல. அதைச் செலவிடும் உள்ளூர் கையையும் கணக்குப் பார்க்க வேண்டும். முதல் பாதியை விடுதலைத் தரப்பு உரக்கச் சொல்கிறது; இரண்டாவது பாதி அவர்களின் பேச்சில் வலுவாக இல்லை. பழைய தன்னாட்சித் தரப்புக்கோ இரண்டுமே சங்கடம். இரண்டையும் ஒரே மூச்சில் சொல்ல ஒரு கட்சி வேண்டும்.

போனஸ் விதியைப் பற்றியும் பேச வேண்டும். 2004-க்குப் பிறகு நடந்த இழுபறியை நிறுத்தத்தான் 2011-ல் தேர்தல் முறையை மாற்றி, எல்லாத் தீவுகளையும் ஒரே தொகுதியாக்கினார்கள். மூன்றில் ஒரு பங்கு போனஸ் அதிலும் இடம்பெற்றது. ஆட்சி கவிழ்வது நின்றது உண்மை. ஆனால் 44 சதவீதத்துக்கு மூன்றில் இரண்டு பங்கு இடங்களையும், 17 சதவீதத்துக்கு இருபதில் ஒரு பங்கையும் கொடுக்கும் கணக்கு நியாயமானதல்ல. இன்று அது தவீனிக்கு லாபம். 2013-லும் 2018-லும் தன்னாட்சித் தரப்புக்கு அதே 38 இடங்களைக் கொடுத்ததும் அதே விதிதான். போனஸை மூன்றில் ஒன்றிலிருந்து ஐந்தில் ஒன்றாகக் குறைத்தாலே நிலையான ஆட்சியும் கிடைக்கும், மூன்றாவது குரலுக்கு நாற்காலியும் கிடைக்கும்.

2022-ல் பாரிஸ் நாடாளுமன்றத்துக்கான மூன்று தொகுதிகளையும் தவீனி வென்றபோது சான்கேர் தன் இடத்தை இழந்தார். 2024-ல் இரண்டாம் தொகுதியில் அதே கட்சியிடமிருந்து அதை மீட்டார். பப்பேத்தே பேரவையில் மூன்று பேர், பாரிசில் ஒருவர். அடுத்த பேரவைத் தேர்தல் 2028-ல் வர வேண்டும். அதற்குள் தபுராவின் கதவு பலமுறை திறக்கும், ஒற்றுமை என்ற பெயரில் அழைப்பும் வரும். அன்று அந்த மேசையில் மூன்றாவது கட்டு இருக்குமா என்பதை லோரேயும் சான்கேரும் இப்போதே தீர்மானித்து, வாக்காளரிடம் வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும்.