போர் இரவில் கைபேசி: சக குடிமக்களுக்கு ஒரு வேண்டுகோள்



நாங்கள் தமிழ்நாட்டின் தென் மாவட்டங்களைச் சேர்ந்தவர்கள். எங்களில் பள்ளி ஆசிரியர்கள் உண்டு, படையில் பணியாற்றி ஓய்வு பெற்றவர்கள் உண்டு, பத்திரிகை வேலை பார்த்தவர்களும் வளைகுடாவில் பல காலம் இருந்துவிட்டு ஊர் திரும்பியவர்களும் உண்டு. எல்லோரும் ஒரே கட்சிக்கு ஓட்டுப் போடுகிறவர்கள் அல்லர். 2025 ஏப்ரல் 22 அன்று காஷ்மீரின் பஹல்காமில் பயங்கரவாதிகள் 26 பேரைச் சுட்டுக் கொன்றதற்கு இந்தியா பதிலடி கொடுத்தது சரிதான் என்று எங்களில் பெரும்பாலோர் கருதுகிறோம். வேறு வழி தேடியிருக்கலாம் என்பவர்களும் இருக்கிறார்கள். அந்த வாதத்தை இங்கே தீர்க்கப்போவதில்லை. மே 7 முதல் 10 வரை பாகிஸ்தான் எல்லையில் சண்டை நடந்தபோது நம் வீட்டுத் தொலைக்காட்சிகளிலும் கைபேசிகளிலும் என்ன நடந்தது, அடுத்த முறை நாம் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதைப் பற்றி மட்டுமே பேச வந்திருக்கிறோம். அடுத்த முறை வரவே வராது என்று நம்ப ஆசைதான். ஆனால் இந்தத் துணைக்கண்டத்தின் வரலாறு அப்படி நம்ப விடுவதில்லை.

மே 8 இரவை நினைத்துப் பாருங்கள். எல்லையோரத்தில் டிரோன்கள் பறந்தது நிஜம். ஜம்முவில் விளக்குகள் அணைக்கப்பட்டதும், தர்மசாலாவில் ஐபிஎல் ஆட்டம் பாதியில் நின்றதும் நிஜம். ஆனால் நம்முடைய தேசியச் செய்தி அலைவரிசைகள் சில அன்றிரவு காட்டியது வேறொரு போர். கராச்சித் துறைமுகத்தை நம் கடற்படை தகர்த்துவிட்டதாம். இஸ்லாமாபாத் வீழப்போகிறதாம். பாகிஸ்தான் ராணுவத் தளபதி கைதாகிவிட்டாராம். விடிந்து பார்த்தால் துறைமுகம் வழக்கம்போல் இயங்கிக்கொண்டிருந்தது, தளபதி தம் பதவியில் இருந்தார். கராச்சி எரிகிறது என்று பரவிய காணொளிகளில் ஒன்று, அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில் சில மாதங்களுக்கு முன் விழுந்து நொறுங்கிய ஒரு மருத்துவ விமானத்தின் தீ. போர்க் காட்சி என்று சுற்றிய இன்னும் சில, கணினி விளையாட்டிலிருந்து எடுத்தவை. ஓர் இந்தி அலைவரிசையின் தொகுப்பாளர் நேரலையிலேயே மன்னிப்புக் கேட்டார். பெரும்பாலோர் அதைக்கூடச் செய்யாமல் அடுத்த விவாதத்துக்குப் போய்விட்டார்கள்.

பரபரப்புக்காக வான்தாக்குதல் சங்கொலியைப் பின்னணி இசைபோல ஓடவிட்டுக்கொண்டிருந்த அலைவரிசைகளிடம், அதை நிறுத்தச் சொல்லி மே 10 அன்று மத்திய அரசின் குடிமைப் பாதுகாப்புத் துறையே அறிவுறுத்த வேண்டியிருந்தது. தொலைக்காட்சியில் கேட்டுக் கேட்டுக் காது மரத்துப்போனால், நிஜமான சங்கு ஊதும்போது ஜனங்கள் எழுந்து ஓடமாட்டார்கள் என்பதுதான் அந்தத் துறையின் கவலை.

எதிர்ப்பக்கம் யோக்கியம் என்று யாரும் எண்ண வேண்டாம். 2024 பிப்ரவரியிலிருந்து எக்ஸ் தளத்தைத் தடுத்து வைத்திருந்த பாகிஸ்தான் அரசு, சண்டை தொடங்கிய அன்றே அதைத் திறந்துவிட்டது. எதற்கு என்று சொல்லத் தேவையில்லை. 2020-இல் பெய்ரூட் துறைமுகத்தில் நடந்த வெடிப்பின் காணொளி, இந்தியா மீது விழுந்த ஏவுகணையாக வலம் வந்தது. நன்கானா சாகிப் குருத்வாராவை இந்தியா தாக்கியது என்று சீக்கியர்களைக் குறிவைத்து ஒரு புளுகு. இந்தியாவின் ஏடிஎம் இயந்திரங்கள் சில நாள் மூடிக்கிடக்கும் என்று இன்னொன்று. அது நம்மூர் வாட்ஸ்அப் குழுக்களுக்கும் வந்தது. பாகிஸ்தான் விமானப்படையை வானத்து ராஜா என்று புகழ்வதுபோல ஒரு லண்டன் நாளிதழின் போலி முதல் பக்கத்தை யாரோ தயாரித்துவிட, அந்நாட்டு வெளியுறவு அமைச்சர் இஷாக் தார் அதை நம்பி செனட் சபையிலேயே எடுத்துப் பேசினார். அது போலி என்று அம்பலப்படுத்தியது பாகிஸ்தானின் சொந்தப் பத்திரிகையான டான். போர்க்காலத்தில், தன் நாட்டு அமைச்சருக்கு எதிராக அதைச் செய்ய ஒரு பத்திரிகைக்கு முதுகெலும்பு வேண்டும். அந்த வேலையை இங்கே செய்தவை பெரும்பாலும் ஆல்ட் நியூஸ், பூம், தமிழில் யூடர்ன் போன்ற சிறு குழுக்கள். கோடிகளில் புரளும் அலைவரிசைகள் செய்யவில்லை.

இனி நாங்கள் முக்கியமாகச் சொல்ல வந்ததற்கு வருகிறோம். எதிரியின் பொய்யைவிட நம்முடைய பொய்தான் நமக்கு அதிகக் கேடு செய்தது.

மே 7 அன்று பாகிஸ்தான் பீரங்கிக் குண்டுக்குப் பூஞ்ச் நகரில் ஒரு மதரசா ஆசிரியர் பலியானார். எதிரியால் கொல்லப்பட்ட இந்தியக் குடிமகன். நம் அலைவரிசைகள் சில அவர் படத்தைப் போட்டு, நம் படை கொன்ற பயங்கரவாதி என்று அறிவித்தன. பூஞ்ச் காவல்துறை மறுப்பு வெளியிட நேர்ந்தது. அடுத்த மாதம் அங்குள்ள நீதிமன்றம் வழக்குப் பதியச் சொல்லி உத்தரவிட்டது. அந்தக் குடும்பத்துக்கு ஒரே வாரத்தில் இரண்டு இடி. முதலாவது எல்லைக்கு அப்பாலிருந்து வந்தது, இரண்டாவது டெல்லிப் பக்கத்துத் தொலைக்காட்சி நிலையங்களிலிருந்து.

பஹல்காமில் கணவரைப் பறிகொடுத்த ஓர் இளம்பெண், முஸ்லிம்களையும் காஷ்மீரிகளையும் குறிவைக்காதீர்கள் என்று சொன்னார். அவரை இணையத்தில் எவ்வளவு கேவலமாகப் பேசினார்கள் என்றால், தேசிய மகளிர் ஆணையம் கண்டிக்க வேண்டியதாயிற்று. சண்டை நிறுத்தத்தை இந்தியாவின் சார்பில் அறிவித்தவர் வெளியுறவுச் செயலர் விக்ரம் மிஸ்ரி. அரசு எடுத்த முடிவை வாசித்த அதிகாரி, அவ்வளவுதான். அவர் குடும்பத்தையும் மகளையும் இழுத்து ஏசியதில் அவர் தம் எக்ஸ் கணக்கைப் பூட்டிக்கொள்ள நேர்ந்தது. ஏசியவர்கள் யாரும் பாகிஸ்தானியர் அல்லர். தேசபக்தி என்று நினைத்துக்கொண்டு செய்தவர்கள்.

நம்பகத்தன்மைக்கு ஏற்பட்ட நஷ்டமும் சாதாரணமல்ல. மே 10 அதிகாலையில் நூர் கான், போலாரி, சர்கோதா உள்ளிட்ட பாகிஸ்தான் விமானத்தளங்களை இந்தியா தாக்கியது உண்மை. செயற்கைக்கோள் படங்களில் சேதம் தெரிந்தது, உலகப் பத்திரிகைகளும் ஒப்புக்கொண்டன. ஆனால் மே 8 இரவு கராச்சியே இல்லை என்று கூவிய அதே வாய் இதையும் சொன்னபோது வெளியே யார் நம்புவார்கள்? உண்மையைச் சொல்ல வேண்டிய நேரத்துக்குக் கையில் நாணயம் மிச்சமில்லை.

விமான இழப்புக் கதையும் அப்படியே. முதல் நாளே நம் போர் விமானங்கள் சில விழுந்ததாக வெளிநாட்டு ஊடகங்கள் எழுதின. எழுதியவர்களும் பகிர்ந்தவர்களும் இங்கே துரோகிகள் ஆனார்கள். மே 31 அன்று சிங்கப்பூரில் முப்படைத் தலைமைத் தளபதி அனில் சவுகான் இழப்பு இருந்ததை ஒப்புக்கொண்டார். ஆறு விமானங்கள் என்ற பாகிஸ்தானின் கணக்கு முற்றிலும் தவறு என்றும் சொன்னார். அதே சிங்கப்பூரில் அவர் இன்னொன்றும் சொன்னார்: படைகளின் நேரத்தில் சுமார் 15 சதவீதம் பொய்ச் செய்திகளை எதிர்கொள்வதில் போனதாம். எங்களில் படையில் இருந்தவர்களை மிகவும் உறுத்தியது இதுதான். போர்முனையில் செலவாக வேண்டிய நேரம் வதந்தியை விரட்டுவதில் கரைந்திருக்கிறது. அந்த வதந்திகளில் நம் வீட்டுச் சரக்கும் கலந்திருந்தது.

வெளிநாட்டுக் கை என்ற பேச்சு இந்த விவாதங்களில் ஓயாமல் அடிபட்டது. கை இருந்தது, மறுக்கவில்லை. பாகிஸ்தான் கடந்த சில ஆண்டுகளில் வாங்கிய ஆயுதத்தில் 81 சதவீதம் சீனாவினுடையது. சண்டையின்போது சீனா நேரடித் தகவல்களும் கொடுத்தது என்று ராணுவத் துணைத் தளபதி ராகுல் சிங் 2025 ஜூலையில் சொன்னார். பாகிஸ்தான் அதை மறுத்தது. டிரோன்கள் துருக்கியினுடையவை. அந்தப் பக்கம் எய்த சீன பிஎல்-15 ஏவுகணை ஒன்று பஞ்சாபில் ஹோஷியார்பூர் பக்கம் வெடிக்காமல் வந்து விழுந்தது. நம் பக்கமும் கணக்கைப் பாருங்கள்: பிரான்ஸின் ரஃபேல், ரஷ்யாவின் எஸ்-400, இஸ்ரேலின் ஹாரோப். சண்டை நிறுத்தச் செய்தியை முதலில் உலகுக்குச் சொன்னவரோ அமெரிக்க அதிபர் டிரம்ப். பாகிஸ்தான் படை நடவடிக்கைத் தலைவர் மே 10 பிற்பகல் 3.35-க்கு நம்மவரைத் தொலைபேசியில் அழைத்துப் பேசி முடிவானது என்பது இந்தியாவின் நிலைப்பாடு. டிரம்ப் அதை இன்றுவரை தம் கணக்கில்தான் எழுதிக்கொள்கிறார்.

இதில் பலரும் கவனிக்காத ஒரு சங்கதி இருக்கிறது. போர் நடந்த நாட்களில் பாகிஸ்தானின் ஜே-10 விமானத்தைச் செய்யும் சீன நிறுவனத்தின் பங்கு விலை எகிறியது, ரஃபேல் செய்யும் பிரெஞ்சு நிறுவனத்தின் பங்கு இறங்கியது. ரஃபேலின் பெயரைக் கெடுத்து அதன் விற்பனையைக் குலைக்கச் சீனத் தூதரகங்கள் வேலை செய்ததாக பிரெஞ்சு உளவுத்துறை பின்னர் குற்றம்சாட்டியது. ஆக, ரஃபேல் விழுந்தது என்று கொண்டாடிப் பகிர்ந்த பாகிஸ்தானியரும், ஆத்திரத்தோடு அதையே எடுத்துப் போட்டுத் திட்டிய இந்தியரும் ஏதோ ஓர் ஆயுதக் கம்பெனிக்குக் கூலியில்லாமல் விளம்பரம் செய்திருக்கிறோம். ஒரு காணொளி வந்தால் இது யாருக்கு லாபம் என்று கேட்கிற பழக்கம், இது எந்த நாட்டுக்காரன் போட்டது என்று கேட்பதைவிடப் பயனுள்ளது.

தமிழர்களுக்கு இதெல்லாம் புதிய பாடமும் அல்ல. வன்னியில் கடைசிக் கட்டப் போரின்போது இலங்கை அரசு சுயேச்சையான பத்திரிகையாளர்களை உள்ளே விடவில்லை. 2008 செப்டம்பரிலேயே ஐ.நா. ஊழியர்களைக் கிளிநொச்சியிலிருந்து வெளியேறச் செய்தது. செய்தி வராத இடத்தில் என்ன நடக்கும் என்பதை 2009 மே மாதம் முள்ளிவாய்க்காலில் பார்த்தோம். அதே மாதம், விடுதலைப் புலிகளின் தலைவர் பிரபாகரன் தன் மரணச் செய்தியைத் தானே தொலைக்காட்சியில் பார்ப்பதுபோன்ற ஒட்டுப்படமும் இங்கே ஒரு பத்திரிகையின் அட்டையில் வந்தது. அதை நம்பியவர்கள் முட்டாள்கள் அல்லர். அது உண்மையாக இருக்க வேண்டும் என்று உள்ளம் உருக விரும்பியவர்கள். கராச்சியை நம்பியவர்களும் அப்படித்தான். ஆகவே எந்தச் செய்தியைக் கேட்டதும் உள்ளம் துள்ளுகிறதோ அதைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

வளைகுடாவில் பிள்ளைகளை விட்டிருக்கும் பெற்றோருக்குத் தனியாக ஒரு வார்த்தை. அங்கே நம் பிள்ளைகள் பாகிஸ்தானியரோடு ஒரே அறையில் தங்கி, ஒரே வண்டியில் வேலைக்குப் போகிறார்கள். இங்கிருந்து நீங்கள் குடும்பக் குழுவில் போடும் காணொளியை உங்கள் பிள்ளை அங்கிருந்து பகிர்ந்தால், அமீரகத்தின் 2021-ஆம் ஆண்டு இணையக் குற்றச் சட்டத்தில் வதந்தி பரப்புவதற்கு ஓராண்டுக்குக் குறையாத சிறையும் 1 லட்சம் திர்ஹத்துக்குக் குறையாத அபராதமும் இருக்கின்றன. வேலையும் போகும். ஒரு பொய்க்கு இவ்வளவு விலை வேண்டாம்.

அரசிடமும் கேட்க வேண்டியது உண்டு. அந்த நாட்களில் 8,000-க்கும் மேற்பட்ட கணக்குகளை முடக்கச் சொல்லி உத்தரவு வந்ததாக எக்ஸ் நிறுவனம் தெரிவித்தது. தி வயர் இணைய இதழ் மே 9 அன்று தடுக்கப்பட்டது. கராச்சியை அழித்த அலைவரிசைகளோ நிம்மதியாக ஒளிபரப்பைத் தொடர்ந்தன. மத்திய அரசின் பிஐபி தகவல் சரிபார்ப்புப் பிரிவு பாகிஸ்தான் தரப்புப் பொய்களை வேகமாக மறுத்தது, அதற்கு நன்றி. அதே வேகம் உள்ளூர்ப் பொய்களுக்கும் வேண்டும். ரகசியத்தைக் காப்பது ராணுவத்தின் உரிமை, அதில் தலையிடவில்லை. ஆனால் ஏற்கனவே உலகம் முழுக்கத் தெரிந்துவிட்ட இழப்பைத் தன் குடிமக்களுக்குச் சொல்ல மூன்று வாரம் எடுத்தால், அந்த இடைவெளியை வதந்திதான் நிரப்பும்.

எனவே உங்களிடம் நாங்கள் கேட்பது இதுதான். சண்டை மூண்ட முதல் சில மணி நேரத்துக்கு வெடிப்பு, தீ, விழும் விமானம் எதையும் பகிராதீர்கள். இடம், நேரம், சொன்னவர் பெயர் மூன்றும் இல்லாத செய்தி உங்கள் கைபேசியோடு நிற்கட்டும். படை நகர்வையும் ரயிலில் போகும் தளவாடத்தையும் படமெடுத்துப் போடாதீர்கள். நம் பக்கத்து ஊர்ப் பையன்தான் அந்த ரயிலில் இருப்பான். குடும்பக் குழுவில் பெரியவர் ஒருவர் பொய்யைப் போட்டுவிட்டால் எல்லோர் முன்னும் மட்டம் தட்டாமல், தனியாக அழைத்துச் சொல்லுங்கள். மாமாவும் சித்தப்பாவும் அப்படிச் சொன்னால் கேட்பார்கள் என்பது எங்கள் அனுபவம்.

ஓர் அலைவரிசை பொய் சொன்னால் திட்டிப் பதிவு போடுவதோடு நிறுத்த வேண்டாம். 2021-இல் திருத்திய கேபிள் தொலைக்காட்சி விதிகளின்படி எழுத்துமூலம் புகார் கொடுங்கள். 15 நாளுக்குள் அவர்கள் பதில் சொல்லியாக வேண்டும். திருப்தி இல்லையென்றால் மேல்முறையீட்டுக்கும் வழி இருக்கிறது. புகாரைத் தமிழில் எழுதத் தெரிந்த ஆசிரியர்கள் எங்களில் இருக்கிறார்கள், உங்கள் தெருவிலும் இருப்பார்கள். அவர்களைப் பிடியுங்கள். அடுத்த சண்டைக்காகக் காத்திருக்க வேண்டாம், இந்த மாதமே ஒரு புகாரை எழுதிப் பழகுங்கள்.