நகைப்பாட்டும் நண்பர் குழாமும்

தமிழ்ச் சங்கத்தில் நண்பர் கூடி நகைப்பாட்டுப் புனைதல் வீண்பொழுதென்பர் சிலர். யாம் அதற்கு உடன்படோம். காஞ்சி ஏகாம்பரநாதர்க்கு உலாப் பாடிய இரட்டைப்புலவரை நோக்குக. ஒருவர் நடக்கலாற்றார், மற்றவர் காணலாற்றார். ஒருவர் தொடங்கிய பாட்டை மற்றவர் முடிப்பர் என்ப. தாமலையடுத்த காஞ்சியில் கோர்வைச் சேலை நெய்ய ஒரு தறியில் இருவர் அமர்வதை ஒத்தது அக்கூட்டு. துவைத்த கந்தை குளத்து நீரோடு போனபோதும் அவர்கள் பாடிச் சிரித்தது தம் வறுமையையே என்பது செவிவழிக் கதை.

எம்மனோர் பாட்டுகளிற் சிலவோ தோழனது உடற்குறையையும் சாதியையும் ஏழ்மையையும் குறிவைக்கின்றன. அவை நகையல்ல, வசையே. பாடப்பட்டவன் தானும் சிரித்து, அடுத்த அடியைத் தொடுப்பானாயின், அன்பர்காள், அதனையே சங்கத்தில் ஏற்போமாக.