எந்த ஸ்டாப்பிங்கில் இறங்கணும்?

'லண்டன் போய் வந்தியே, என்னத்தப் பாத்த?' என்று மேலூரில் ஒரு தோழர் கேட்டார். 'பஸ்ஸப் பாத்தேன்' என்றேன். கிண்டல் பண்ணுகிறேன் என்று நினைத்துக்கொண்டார். நிஜமாகத்தான் சொன்னேன். 2024-ல் மூணு வாரம், நண்பன் ஒருவன் வீட்டில் தங்கி ஊர் சுற்றினேன். அரண்மனையும் மணிக்கூண்டும் எனக்கு ஒட்டவில்லை. பஸ்தான் ஒட்டியது.

சுற்றுலா என்பதே மேட்டுக்குடிச் சமாச்சாரம், நமக்கெதற்கு என்று கேட்கிற தோழர்கள் உண்டு. நம்ம ஜனங்கள் ஊர் விட்டு ஊர் போனதெல்லாம் பிழைப்புக்கு, கங்காணிக்குப் பின்னால், இல்லையென்றால் அடிக்குப் பயந்து ராத்திரியோடு ராத்திரியாக. சும்மா வேடிக்கை பார்க்கப் போவதும் ஒரு உரிமைதான் என்பது என் கட்சி. விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை.

போகிறவர்களுக்குச் சொல்லி வைக்கிறேன். சுரங்க ரயிலில் சீக்கிரம் போகலாம். ஆனால் எலி மாதிரி ஒரு பொந்தில் நுழைந்து இன்னொரு பொந்தில் வெளியே வருவதுதான், ஊர் தெரியாது. பஸ் மெதுவாகப் போகும், மலிவு, மாடியும் உண்டு. 2014-லிருந்து அங்கே பஸ்ஸில் காசு வாங்குவதில்லை. நான் ஏறிய பஸ் எதிலும் கண்டக்டர் இல்லை. முன்வாசலில் ஏறி டிரைவர் பக்கத்தில் இருக்கிற மஞ்சள் வட்டத்தில் அட்டையை வைத்தால் ஒரு சத்தம் கேட்கும், அவ்வளவுதான். ஆய்ஸ்டர் அட்டை என்று தனியாக விற்கிறார்கள், வங்கி அட்டையும் செல்லும். இறங்கும்போது வைக்க வேண்டாம். நான் போனபோது ஒன்றே முக்கால் பவுண்டு. அடுத்த ஸ்டாப்பில் இறங்கினாலும் அதே காசு, கடைசி ஸ்டாப் வரை போனாலும் அதே காசு. முதல் பஸ்ஸில் அட்டை வைத்து ஒரு மணி நேரத்துக்குள் எத்தனை பஸ் மாறி ஏறினாலும் மறுபடி காசு பிடிக்காது. ஒரே அட்டையாக இருக்கணும், அதுதான் விஷயம்.

இதில் எனக்குப் பெரிதாகப் பட்டது மலிவு அல்ல. தூரக் கணக்கு இல்லாததால் 'எங்கே இறங்கணும்?' என்று யாரும் கேட்பதில்லை. ஸ்டாப் பெயரை ஒரு இயந்திரம் எல்லாருக்கும் பொதுவாகச் சொல்கிறது. நம்மூர் டவுன் பஸ்ஸை நினைத்துப் பாருங்கள். கண்டக்டர் கேட்பார், நாம் சொல்ல வேண்டும், நாலு தலை திரும்பும். பஸ் ஸ்டாண்டுக்கு ஒரு ஸ்டாப்பிங், காலனிக்கு ஒரு ஸ்டாப்பிங். டிக்கெட் வாங்குவதற்கு வாயைத் திறந்தாலே சாதி வெளியே வந்துவிடுகிறது. பள்ளிக்கூடம் படிக்கும்போது காலனிக்கு முந்தின ஸ்டாப்பிங்கில் இறங்கி அரை மைல் நடந்த ஆள் நான். வெட்கத்தோடுதான் சொல்கிறேன்.

ஒரு நாள் டிரஃபால்கர் சதுக்கத்தில் 24-ஆம் நம்பர் பஸ் ஏறினேன். மாடியில் முன் சீட்டு காலியாக இருந்தது. அந்தச் சீட்டில் உட்கார்ந்தால் பெரிய கண்ணாடிக்குப் பின்னால் நாமே பஸ்ஸை ஓட்டுகிற மாதிரி இருக்கும். டாட்டன்ஹாம் கோர்ட் ரோட்டில் போகும்போது வலது கைப் பக்கம் சற்று உள்ளே பிரிட்டிஷ் மியூசியம். அதன் வட்ட வாசகசாலையில்தான் மார்க்ஸ் படித்தார், பிறகு பாபாசாகேப் படித்தார். அங்கே ஒரு வெள்ளைக்காரக் கிழவி ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்தது. என் உடம்பு தானாக ஜன்னல் பக்கம் ஒடுங்கியது. யாரும் ஒடுங்கச் சொல்லவில்லை, நாற்பது வருஷப் பழக்கம். கிழவி காய்கறிப் பையைப் பாதி என் தொடையில் சாய்த்து வைத்துவிட்டுத் தூங்க ஆரம்பித்துவிட்டது. கேம்டன் டவுன் வரை அந்தப் பை என் தொடையில்தான் இருந்தது. எனக்கு நகரத் தோன்றவில்லை.

கேம்டன் டவுனில் இறங்கி 31-ல் ஏறினேன். ஒரு மணி ஆகவில்லை, காசு இல்லை. சாக் ஃபார்ம் ஸ்டேஷனில் இறங்கி, ரயில் பாதைக்கு மேலே உள்ள பாலத்தைத் தாண்டி நடந்தால் கிங் ஹென்றி ரோடு. பத்தாம் நம்பர் வீடு. 1921-22-ல் அம்பேத்கர் இங்கே குடியிருந்தார் என்று சுவரில் வட்டப் பலகை. 2015-ல் மகாராஷ்டிர அரசு வாங்கி நினைவகமாக்கிய வீடு. அதற்கும் அக்கம்பக்கத்தில் ஆட்சேபணை வந்தது, உள்ளூர் கவுன்சில் அனுமதி மறுத்தது, 2020-ல் பிரிட்டிஷ் அரசு தலையிட்டு அனுமதித்தது. குடியிருந்து நூறு வருஷம் ஆகப்போகிற நேரத்தில்கூட அந்த மனுஷனுக்கு வீட்டுப் பிரச்சினை.

வாசலில் நின்றபோது எனக்கு சாலிஸ்காவ்தான் ஞாபகம் வந்தது. லண்டனில் பாரிஸ்டர் ஆகித் திரும்பி, பம்பாய் சட்டசபையிலும் உறுப்பினராக இருந்த அம்பேத்கரை 1929-ல் அந்த ஊரில் குதிரை வண்டியில் ஏற்றிப்போக வண்டிக்காரர்கள் மறுத்தார்கள். நம்ம ஆள் ஒருவர், வண்டி ஓட்டிப் பழக்கமில்லாதவர், வாடகை வண்டியைத் தானே ஓட்டினார். பாலத்தில் வண்டி நொடித்தது. கீழே விழுந்த பாபாசாகேபுக்குக் கால் எலும்பு முறிந்தது. வண்டி என்பது நமக்கு வெறும் வண்டி அல்ல.

அதற்காக வெள்ளைக்காரன் பஸ் சமத்துவபுரம் என்று சொல்ல வரவில்லை. 1956-லிருந்து லண்டன் போக்குவரத்து நிர்வாகம் பார்படோஸ் தீவுக்கே போய்க் கறுப்பர்களை வேலைக்கு எடுத்தது. அந்தப் பஸ்களை ஓட்டவும் துடைக்கவும் அவர்கள் வேண்டியிருந்தது. பிரிஸ்டல் நகரத்திலோ பஸ் கம்பெனி கறுப்பருக்கும் ஆசியருக்கும் டிரைவர், கண்டக்டர் வேலை கிடையாது என்றது. கம்பெனி மட்டுமா? தொழிற்சங்கக் கிளையே அதற்குத் துணை நின்றது! 'முதலில் வர்க்கம், சாதியெல்லாம் அப்புறம்' என்று நமக்குப் பாடம் எடுக்கும் நண்பர்கள் இதைக் கொஞ்சம் படிக்கலாம். 1963 ஏப்ரல் கடைசியில் பால் ஸ்டீபன்சன் முதலானோர் பஸ் புறக்கணிப்பைத் தொடங்கினார்கள். நாலு மாதம் நடந்தது. ஆகஸ்ட் 28-ல் கம்பெனி பணிந்தது. முதலில் கண்டக்டராகச் சேர்ந்தவர் ரக்பீர் சிங் என்ற சீக்கியர். சங்கம் மன்னிப்புக் கேட்க 2013 ஆயிற்று. கிழவியின் பை என் தொடையில் சாய்ந்ததற்குப் பின்னால் இத்தனை சண்டை இருக்கிறது.

இனி 115-க்கு வருகிறேன். ஆல்ட்கேட்டிலிருந்து ஈஸ்ட் ஹாம் போகிற பஸ். ஈஸ்ட் ஹாமில் தமிழ்க் கடைகள் நிறைய, நல்ல பரோட்டா கிடைக்கும் என்று நண்பன் சொல்லியிருந்தான். மாடியில் பக்கத்துச் சீட்டில் அறுபது வயசு மதிக்கத்தக்க ஒருவர். போனில் நான் தமிழ் பேசியதைக் கேட்டுவிட்டு முகமெல்லாம் சிரிப்பாகத் திரும்பினார்.

'தம்பிக்கு எந்த ஊரு?'

'மதுரைப் பக்கம் ஐயா.'

'மதுரையில எங்க?'

'மேலூர்.'

'மேலூர்லயேவா, பக்கத்துல கிராமமா?'

சொன்னேன். நல்ல மனுஷன்தான். ஈஸ்ட் ஹாமில்தான் வீடு, இறங்கினதும் நல்ல கடை காட்டுகிறேன் என்றார். ஊருக்கு என் வயசில் வந்தவராம். லைம்ஹவுஸ் தாண்டியதும் குரலைக் கொஞ்சம் தணித்துக்கொண்டு கேட்டார்.

'அந்த ஊர்ல எந்தத் தெரு தம்பி?'

மூணு வாரத்தில் லண்டன் பஸ்ஸில் என்னிடம் சாதி கேட்டது ஒரே ஒரு ஆள். அவர் கேட்டது நம் செம்மொழியில்.

எங்கள் தாலுகா பஸ்ஸைப் பற்றி அவருக்குத் தெரியுமோ என்னவோ. 1997 ஜூன் 30-ல் மதுரை கலெக்டர் ஆபீஸுக்குப் போய்விட்டு பஸ்ஸில்தான் திரும்பிக்கொண்டிருந்தார் மேலவளவு ஊராட்சித் தலைவர் முருகேசன். ரிசர்வ் தொகுதியில் ஜெயித்ததுதான் குற்றம். பஸ்ஸை மறித்து அவரையும் இன்னும் ஐந்து பேரையும் வெட்டிக் கொன்றார்கள். எல்லாரும் டிக்கெட் வாங்கி ஏறிய பஸ். அதே வருஷம்தான் விருதுநகரில் புதுப் போக்குவரத்துக் கழகத்துக்குக் கட்டபொம்மனின் தளபதி வீரன் சுந்தரலிங்கம் பெயரை வைத்தார்கள். அந்தப் பெயர் எழுதின பஸ்ஸில் ஏற மாட்டோம் என்றார்கள் சாதி இந்துக்கள். கலவரம், துப்பாக்கிச்சூடு. கடைசியில் அரசாங்கம் எல்லாத் தலைவர் பெயரையும் எல்லா பஸ்ஸிலிருந்தும், மாவட்டங்களிலிருந்தும் சேர்த்தே அழித்தது. ஒரு தலித் பெயரோடு சமமாக ஓடுவதைவிடப் பெயரே இல்லாமல் ஓடுவது மேல்! 'காலனி' என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாக 2025 ஏப்ரலில் முதல்வர் சட்டமன்றத்தில் அறிவித்தார். நல்லது. எங்கள் ரூட் பஸ்ஸில் இன்னும் 'காலனியெல்லாம் எறங்கு' என்றுதான் குரல் கேட்கிறது.

அந்த நாட்டுச் சட்டமும் சாதியை நம்ம ஆட்களிடம்தான் கற்றுக்கொண்டது. 2010 சமத்துவச் சட்டத்தில் சாதியைச் சேர்த்துக்கொள்ள வழி வைத்தார்கள். 2013-ல் சேர்த்தே ஆகவேண்டும் என்று பாராளுமன்றம் சொன்னது. இந்து அமைப்புகள் சில கடுமையாக எதிர்த்தன. 2018-ல் தனிச் சட்டம் வேண்டாம், கோர்ட் பார்த்துக்கொள்ளும் என்று அரசு கை கழுவியது. சாதியே இங்கு இல்லை என்று சொன்னவர்கள்தான் சட்டம் வரக்கூடாது என்று அத்தனை பாடுபட்டார்கள். இல்லாத ஒன்றைத் தடுத்தால் இவர்களுக்கு என்ன நஷ்டம்?

சரி, பெரியவருக்குப் பதில் சொல்ல வேண்டுமே. பள்ளிக்கூட நாளில் செய்த மாதிரி முந்தின ஸ்டாப்பிங்கில் இறங்க எனக்கு மனசில்லை.

'சேரிங்கய்யா' என்றேன். 'தெரு இல்ல, சேரி.'

'அப்படியா... நல்லது, நல்லது' என்றார். கொஞ்ச நேரம் போனை எடுத்துப் பார்த்தார். அப்புறம், ஒரு வேலை ஞாபகம் வந்துவிட்டது என்று எழுந்து மணியை அழுத்தினார். கானிங் டவுன் பக்கம் இறங்கினார். ஈஸ்ட் ஹாமுக்கு இன்னும் எவ்வளவோ ஸ்டாப்பிங் இருந்தது. மாடிக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். வேலை என்று எங்கும் போகவில்லை, அதே ஸ்டாப்பிங்கில்தான் நின்று அடுத்த 115 வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு மணி நேரத்துக்குள் வந்துவிட்டால் அவருக்கும் காசு பிடிக்காது.