ஊதியமற்ற பிறவிகளோ?

புறநானூற்றின் 28ஆம் பாட்டிலே, உறையூர் முதுகண்ணன் சாத்தனார் சோழன் நலங்கிள்ளிக்கு அறமுரைக்கப் புகுந்து, மக்கட் பிறப்பிற் காணப்படும் எட்டுக் குறைகளை வரிசைப்படுத்துகின்றார். எண்பேரெச்சம் என்பது அவற்றின் பெயர். குருடு, செவிடு, ஊமை, கூன், குறள் முதலாய உடற்குறைகளோடு ‘மருள்’ என்பதும் அங்கே எண்ணப்படுகின்றது. அறிவு மயங்கியிருத்தல் என்று அதற்கு உரை கூறுவர். இத்தகைய பிறப்புக்களாற் பெறும் ஊதியம் ஏதுமில்லையென முன்னையோர் கூறினர் என்பது புலவர் தரும் செய்தி.

புலவரைக் குற்றக்கூண்டில் ஏற்றுவது எனது நோக்கமன்று. அவர் தம் காலத்து அறிவைச் சொன்னார். ஆனால் ‘ஊதியம்’ என்ற அச்சொல் இரண்டாயிரம் ஆண்டுகள் நடந்து வந்து, எங்கள் மலைகளிலே கூலி என்ற பொருளில் நிலைகொண்டுவிட்டது. கொஸ்லந்தையிலும் அதன் சுற்றுப்புறத் தோட்டங்களிலும் ஒருவரின் பெறுமதி இன்றும் பெருமளவுக்கு அச்சொல்லாலேயே அளக்கப்படுகின்றது. பிரட்டுக்கு வரமுடியாதவன், கொழுந்துக் கூடையைச் சுமக்க முடியாதவள், கணக்கப்பிள்ளையின் புத்தகத்தில் என்றுமே பேர் விழாதவர்கள், இவர்களெல்லாம் தோட்டத்தின் கணக்கிற்கு வெளியே நிற்கின்றனர். அவர்களுள்ளும் கடைசியிலே நிற்பவர் அறிவுசார் வளர்ச்சிக் குறைபாடுடைய பிள்ளைகள். லயத்துக் காம்பிராவின் இருட்டே அவர்களிற் பலருக்கு உலகம்.

இப்பிள்ளைகளுக்கென ஊவா மாகாணத்திலே முறையானதொரு விளையாட்டுப் போட்டி ஆண்டுதோறும் நடைபெறல் வேண்டும். பதுளை, மொனராகலை ஆகிய இரு மாவட்டங்களின் தோட்டப்பிள்ளைகளும் அதிலே பெயர் பதிந்து, பயிற்சி பெற்று, ஓடி, வென்று, தோற்றுத் திரும்புதல் வேண்டும் என்பது இக்கட்டுரையின் வாதம். இதனைக் கேட்டதும் புன்முறுவல் பூப்போர் உளர். அவர்கள் பொருட்டே இதனை எழுதுகின்றேன்.

முதலில் வரலாற்றைச் சிறிது நோக்குவோம். ஐக்கிய அமெரிக்காவின் செல்வாக்குமிக்க குடும்பங்களுள் ஒன்று கெனடி குடும்பம். சனாதிபதியாகிய ஜோன் எப். கெனடியின் சகோதரி ரோஸ்மேரி அறிவுசார் குறைபாடுடையவர். 1941இல் அவருடைய மூளையிற் செய்யப்பட்ட சத்திரசிகிச்சை அவரை மேலும் முடமாக்கிற்று. அதன் பின்னர் நெடுங்காலம் அவர் உலகின் கண்ணிலிருந்து மறைத்து வைக்கப்பட்டார். மாளிகையில் வாழ்ந்தோரும் மறைத்தனர் என்பதை இவ்விடத்து மனங்கொள்ளுதல் நன்று. பிள்ளையை மறைத்து வைத்தல் லயத்து மக்களின் அறியாமை என்று ஏளனம் செய்வோர் இதற்கு என்ன விடை பகர்வர்? அவமானம் வறுமையில் மட்டும் பிறப்பதன்று. மனிதரைப் பயனால் அளக்கும் இடமெங்கும் அது பிறக்கும்.

ரோஸ்மேரியின் சகோதரி யூனிஸ் கெனடி ஷ்ரைவர் 1962இல் மேரிலாந்திலுள்ள தமது பண்ணையிலே இத்தகைய பிள்ளைகளுக்கு விளையாட்டு முகாம் ஒன்றைத் தொடங்கினார். அதன் தொடர்ச்சியாக 1968 ஜூலை 20ஆம் நாள் சிக்காகோ நகரின் சோல்ஜர் பீல்ட் அரங்கிலே, அமெரிக்காவின் 26 மாநிலங்களிலிருந்தும் கனடாவிலிருந்தும் வந்த ஏறத்தாழ ஆயிரம் பேர் பங்குகொண்ட முதலாவது விசேட ஒலிம்பிக் நடைபெற்றது. 1988இல் சர்வதேச ஒலிம்பிக் குழு அவ்வமைப்பை அங்கீகரித்தது. 2007இல் ஷங்காயிலும், 2019இல் அபுதாபியிலும், 2023இல் பேர்லினிலும் நடைபெற்ற உலகப் போட்டிகள் ஒவ்வொன்றிலும் ஏறக்குறைய ஏழாயிரம் வீரர் கலந்துகொண்டனர். இலங்கையிலும் இந்த இயக்கத்தின் கிளை உண்டு. இலங்கை வீரர் உலகப் போட்டிகளிற் பங்குபற்றியும் உள்ளனர். எனவே யான் கேட்பது ஆகாயத்திலிருந்து பறித்துவந்த புதுமையன்று. கொழும்பு வரை வந்துவிட்ட ஒன்று பெரகலை வளைவுகளைக் கடந்து கொஸ்லந்தைக்கு ஏன் வந்து சேரவில்லை என்பதே எனது வினா.

இவ்வியக்கம் வகுத்த விதிகளுள் ஒன்று தோட்டத்துக்காரர் எவரையும் சிந்திக்கச் செய்யவல்லது. போட்டியாளர் அனைவரையும் ஒரே கோட்டில் நிறுத்தி ஓடவிடும் வழக்கம் அங்கில்லை. முதலிலே தகுதிகாண் ஓட்டம் நடைபெறும். அதிற் பெற்ற நேரத்தைக் கொண்டு, வயது, பால், ஆற்றல் ஆகியவற்றில் ஒத்தவர் மூவர் முதல் எண்மர் வரையிலான குழுக்களாகப் பிரிக்கப்படுவர். குழுவொன்றில் முதல்வருக்கும் கடைசியானவருக்கும் இடையிலான வேறுபாடு ஏறத்தாழ 15 சதவீதத்தினுள் அமைதல் வேண்டுமென்பது வழிகாட்டு நெறி. ஐம்பது மீற்றரைப் பன்னிரண்டு வினாடியில் ஓடுபவன் ஒருவனும் இருபது வினாடியில் ஓடுபவன் ஒருவனும் ஒருவரோடொருவர் மோத வேண்டியதில்லை. இருவரும் தத்தமக்கு ஈடானவரோடு மோதுவர். இருவருக்கும் வெற்றி கடினமானதாகவே இருக்கும். இருவருக்கும் அது எட்டக்கூடியதாகவும் இருக்கும். தகுதிகாண் ஓட்டத்தில் வேண்டுமென்றே மெதுவாக ஓடி எளிய குழுவிற் புகுந்து பின் வென்றுவிட நினைப்போரைத் தடுக்கவும் விதி உண்டு.

இனி எமது கொழுந்து மலையை நோக்குக. நிறுவைத் தராசின் முன்னால் நிற்கும் பெண்களுள் இருபது வயதினளும் உண்டு; ஐம்பதைத் தாண்டியவளும் உண்டு; நோயாளியும் உண்டு. மலையின் சரிவு வேறு, செடியின் வயது வேறு, மழையும் வெயிலும் வேறு. ஆயினும் தோட்டம் குறித்த இறாத்தலை எட்டினால் முழுப் பேர். எட்டாவிடின் அரைப் பேர். ஒரே தராசு, ஒரே அளவு, ஒரே தீர்ப்பு! மனிதர் வேறுபட்டவர் என்பதை ஒப்புக்கொண்டு நீதி செய்தல் இயலாதென்று நூற்றாண்டுக்கு மேலாக எமக்குச் சொல்லிவந்தனர். அது இயலும் என்பதை ஓர் ஓட்டப் போட்டி நிரூபித்துக் காட்டுகின்றது. மந்தபுத்தியினர் என்று நாம் ஒதுக்கியவர்களின் மைதானத்தில், எமது கொழுந்து மடுவத்திலே இல்லாத நியாயம் நிலவுகின்றது.

எதிர்வாதங்களுக்கு வருவோம். ‘வெற்றி தோல்வி அறியாத பிள்ளைகளுக்குப் போட்டி எதற்கு?’ என்பர் முதலாமவர். வெற்றியை அறியாதவர் என்று இவர்களுக்கு யார் சொன்னார்? ஆற்றங்கரையில் எறிந்த கல் தம்பியின் கல்லைவிட அப்பால் விழுந்தபோது இப்பிள்ளை கைகொட்டிச் சிரித்ததை அயலிலுள்ள எவரும் கண்டிருப்பர். இனி, தோல்வியுற்றவனின் முயற்சிக்கு மதிப்பில்லை என்பது இவர்களது கருத்தாயின், எங்கள் பகுதியின் வரலாற்றிலிருந்தே ஓர் உதாரணம் தருகின்றேன். 1890இல் அப்புத்தளைப் பகுதியில் தம்பேதன்னைத் தோட்டத்தை வாங்கிய தோமஸ் லிப்டன், அமெரிக்கக் கிண்ணம் எனப்படும் பாய்க்கப்பற் போட்டியில் 1899, 1901, 1903, 1920, 1930 ஆகிய ஆண்டுகளில் ஐந்து தடவை போட்டியிட்டார். ஐந்து தடவையும் தோற்றார். தோற்றவருள் தலைசிறந்தவர் என்று அமெரிக்க மக்கள் பணம் திரட்டி அவருக்குப் பொற்கிண்ணம் வழங்கினர்! எங்கள் மூதாதையரின் வியர்வையில் விளைந்த செல்வத்தைக் கொண்டு கடலிலே ஐந்து முறை தோற்றவருக்குப் பொற்கிண்ணம் பொருந்துமாயின், அந்த மூதாதையரின் பேரப்பிள்ளை ஐம்பது மீற்றரை ஓடி முடித்தமைக்கு ஒரு கைதட்டல் பொருந்தாதோ?

இரண்டாமவர் எதிர்ப்பவர் அல்லர், அன்பர். ஆனால் அவரது அன்பே ஆபத்தானது. ‘பாவம், எல்லோருக்கும் ஒவ்வொரு பதக்கம் கொடுத்துவிடுங்கள்’ என்பார் அவர். இத்தகைய விழாவொன்றை யான் நேரிற் கண்டேன். காலை எட்டு மணிக்குக் கொண்டுவரப்பட்ட பிள்ளைகள் பிரதம அதிதியின் வருகைக்காகப் பதினொரு மணிவரை வெயிலில் நிறுத்தப்பட்டனர். மாலைகள், பொன்னாடைகள், உரைகள் நிறைவெய்திய பின்னர் ஒரேயோர் ஓட்டம் நடந்தது. நேரம் குறிப்பாரில்லை. ஓடியவருக்கும் ஓடாது நின்றவருக்கும் ஒரே பதக்கம் அணிவிக்கப்பட்டது. அதனினும் கொடுமை, அறிவித்தல்கள் தமிழில் வழங்கப்படாமையால், தம் பெயர் அழைக்கப்பட்டதை அறியாது சில பிள்ளைகள் இருந்த இடத்திலேயே இருந்துவிட்டனர். புகைப்படங்கள் மட்டும் குறைவின்றி எடுக்கப்பட்டன. இதற்குப் பெயர் விளையாட்டுப் போட்டியா? கொடையாளியின் புண்ணியக் கணக்கிற்குப் பிள்ளையின் கழுத்தைக் கடன் வாங்குவதே இது. உழைத்துப் பெறாத பதக்கம் அரைப் பேரினும் இழிவானது. அது இரக்கத்தின் கூலி.

மெய்யான போட்டி இதற்கு நேர்மாறு. போட்டிக்கு முன் வாரக்கணக்கிலான பயிற்சி அங்கே கட்டாயம். ஓட முடியாதவருக்கு இருபத்தைந்து மீற்றர் நடை உண்டு, நின்ற நிலை நீளம் பாய்தல் உண்டு, பந்தெறிதல் உண்டு. நேரமும் தூரமும் குறிக்கப்படும். சென்ற ஆண்டு எறிந்த தூரத்தை இவ்வாண்டு ஒரு முழம் தாண்டினால், அந்த ஒரு முழம் அப்பிள்ளையின் சொந்தச் சம்பாத்தியம். 1997 முதல் இந்த இயக்கம் போட்டிகளோடு சேர்த்துக் கண், செவி, பல் முதலியவற்றுக்கான பரிசோதனைகளையும் நடத்திவருகின்றது. கண் தெரியாமையாலோ காது கேளாமையாலோ கரும்பலகையைத் தொடர முடியாத பிள்ளைக்கு ‘மொக்கு’ என்று பட்டஞ்சூட்டிக் கடைசி வாங்கிலில் அமர்த்தும் வழக்கமுள்ள நாட்டிலே, இப்பரிசோதனை ஒன்றே போட்டிக்குப் போதிய நியாயமாகும்.

மூன்றாமவரின் வாதமே வலியது. ‘காணியில்லை, வீடில்லை, சம்பளம் போதவில்லை, இந்நிலையில் விளையாட்டா?’ என்று அவர் கேட்கின்றார். அவர் எம்மவர், அவரது கோபமும் நியாயமானது. 2014 ஒக்டோபர் 29ஆம் நாள் மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை விழுங்கியதை கொஸ்லந்தையில் எவர் மறப்பார்? அவ்விடம் ஆபத்தானதென 2005இலும் 2011இலும் எச்சரிக்கப்பட்டிருந்தும் மக்கள் அங்கேயே வாழ விடப்பட்டனர். பாதுகாப்பான வீடே முதற் கோரிக்கை என்பதில் எனக்கும் ஐயமில்லை.

ஆயினும் ‘முதலில் அது, பின்னர் இது’ என்னும் இத்தர்க்கம் எவருடையது என்பதை அவர் எண்ணிப் பார்த்தாரா? 1948இன் பிரசாவுரிமைச் சட்டத்தால் நாடற்றோராக்கப்பட்ட எம்மவருள் எஞ்சியோர் உரிமை பெற 2003 வரை காத்திருந்தனர். முதலில் தேயிலை, பின்னர் பாடசாலை என்றனர். முதலில் இலாபம், பின்னர் வீடு என்றனர். ‘பின்னர்’ என்ற சொல்லின் பொருளை எம்மைவிட நன்கறிந்தவர் இந்நாட்டில் இலர். நாட்டின் வரிசையில் எம்மைக் கடைசியில் நிறுத்தியோரைச் சாடும் நாமே, எமது வரிசையின் கடைசியில் இப்பிள்ளைகளை நிறுத்துவது எவ்வகை நீதி? வீடு கேட்கும் வாய்க்கு மைதானமும் கேட்கத் தெரியும். துரைமார் பங்களாக்களுக்கு அருகே டென்னிஸ் திடல் அமைக்க மலையை வெட்டிச் சமப்படுத்தியவை எமது கைகளேயன்றோ?

சட்டமும் எமது பக்கமே உள்ளது. வலுவிழந்தோர் உரிமைகளைப் பாதுகாக்கும் 28ஆம் இலக்கச் சட்டம் 1996இல் நிறைவேறியது. ஐக்கிய நாடுகளின் வலுவிழந்தோர் உரிமைச் சமவாயத்தை இலங்கை 2016இல் ஏற்று உறுதிப்படுத்தியது. அச்சமவாயத்தின் 30ஆம் உறுப்புரை, வலுவிழந்த பிள்ளைகள் பாடசாலை விளையாட்டுக்கள் உட்பட அனைத்திலும் ஏனையோரோடு சமமாகப் பங்குபெறுவதை அரசின் கடமையாக்குகின்றது. 2021இல் டோக்கியோ பராலிம்பிக்கில் தினேஷ் பிரியந்த ஈட்டியை 67.79 மீற்றர் எறிந்து தங்கம் வென்றபோது நாடே கொண்டாடிற்று. அக்கொண்டாட்டம் தகும். போரிற் காயமுற்ற உடலை மதிக்கத் தெரிந்த தேசம், குறைபாட்டோடு பிறந்த பிள்ளையையும் மதிக்கக் கற்றல் வேண்டும்.

மோசடி நிகழும் என்று அஞ்சுவோரும் உளர். அவர்கள் 2000ஆம் ஆண்டைச் சுட்டுவர். சிட்னி பராலிம்பிக்கில் அறிவுசார் குறைபாடுடையோருக்கான கூடைப்பந்தாட்டத்தில் தங்கம் வென்ற ஸ்பானிய அணியின் 12 பேரில் 10 பேருக்கு அக்குறைபாடே இருக்கவில்லை என்பது வெளிப்பட்டது. விளைவு யாது? ஏமாற்றியோர் குறைபாடற்றவர், தண்டனை பெற்றோர் குறைபாடுடையவர். 2012இல் இலண்டன் போட்டி வரும்வரை அப்பிரிவினருக்குப் பராலிம்பிக்கின் கதவு மூடப்பட்டிருந்தது. பரிசோதனையைச் சீராக்குவதற்கே இது பாடமாகும். பிள்ளைகளை மைதானத்துக்கு வெளியே நிறுத்துவதற்கன்று.

ஆகவே கோரிக்கைகளைத் தெளிவாகக் கூறுகின்றேன். பிரதேச செயலகந்தோறுமுள்ள சமூகசேவை உத்தியோகத்தர்கள் தோட்டப் பிரிவுகளுக்குச் சென்று இப்பிள்ளைகளின் பெயர்களைப் பதிதல் வேண்டும். வலயக் கல்விப் பணிமனைகள் தமிழ் ஆசிரியருள் சிலருக்கேனும் இதற்கான பயிற்சியளித்தல் வேண்டும். பயிற்சி தோட்டத்து மைதானத்திலேயே, வாரந்தோறும், ஆண்டு முழுதும் நடைபெறல் வேண்டும். போட்டி நாளிலே பதுளைக்குச் செல்லும் பேருந்துச் செலவைப் பெற்றோரின் தலையிற் சுமத்தலாகாது. உடன்செல்லும் தாயின் அன்றைய பேரும் வெட்டப்படலாகாது. அறிவித்தல்கள் தமிழிலும் ஒலித்தல் வேண்டும். உரைகள் இறுதியில் நிகழ்க. முதலில் ஓட்டம் நிகழ்க.

இறுதியாக, இச்சஞ்சிகையைப் படிக்கும் சக மாணவரிடம் ஒன்று கூறல் வேண்டும். எம்முட் பலர் நாளை மலையகப் பாடசாலைகளில் ஆசிரியராவோம். கவியரங்குகளிலும் பட்டிமன்றங்களிலும் மலையகத்தின் துயரைப் பாடிக் கைதட்டல் பெற்றவர்கள் நாம். பொறியின்மை எவர்க்கும் பழியன்று, முயற்சியின்மையே பழி என்னும் கருத்தை வள்ளுவர் ஆள்வினையுடைமை அதிகாரத்தில் வைத்தார். ‘பொறி’ விதியா, உறுப்பா என்று உரைகாரர் வேறுபட்டனர். எப்பொருள் கொள்ளினும், பழி இப்பிள்ளைகள்மேல் விழாது. அறிந்திருந்தும் முயலாத எம்மீதே விழும். விடுமுறைக்கு ஊர் செல்வோர் ஒரு நிறுத்தற்கடிகாரத்தையும் ஓர் அளவுநாடாவையும் உடன்கொண்டு செல்க. மைதானத்தில் ஐம்பது மீற்றரை அளந்து கோடிடுக. காம்பிராவின் கதவைத் தட்டி, உள்ளே இருக்கும் பிள்ளையின் பெயரைக் கேட்டு, முழுப் பெயராகவே எழுதிக்கொள்க.