பயந்தவனைப் பார்த்துச் சிரிக்காதீங்கய்யா!

டிஸ்கி: பதிவு கொஞ்சம் நீளம். கொஞ்சம் சூடாவும் இருக்கும். ப்ளைட் டிக்கெட்டைப் பார்த்ததுமே வயித்தைக் கலக்குற கோஷ்டிக்கு சமர்ப்பணம். மத்தவங்க கட்டாயம் படிக்கணும். ஏன்னா திட்டு உங்களுக்குத்தான் :-)

எங்க ஆபீஸ்ல ஒரு புள்ளிவிவரப் புலி இருக்கார். நான் விமானம்னா நடுங்குவேன்னு அவருக்கு எப்படியோ தெரிஞ்சு போச்சு. அன்னையிலிருந்து மத்தியான சாப்பாட்டு மேசையில நான்தான் ஊறுகாய். "சார், உங்களுக்குக் கட்டுவண்டி புக் பண்ணவா?" மேசையே சிரிக்கும். சிரிப்பு அடங்கினதும் புலி தொண்டையைச் செருமிக்கிட்டு ஆரம்பிப்பார். "உலகத்துலயே பாதுகாப்பான பயணம் விமானம்தான் சார். ஏர்போர்ட்டுக்கு நீங்க போற ஆட்டோதான் ஆபத்து..."

அப்புறம் 2025 ஜூன் 12 வந்தது. அகமதாபாத்ல கிளம்பின லண்டன் விமானம் மேல ஏறி ஒரு நிமிஷம் கூட ஆகலை, மருத்துவக் கல்லூரி விடுதி மேல விழுந்தது. உள்ளே இருந்த 242 பேர்ல 241 பேர் போயிட்டாங்க. தரையில இருந்தவங்களையும் சேர்த்தா 260 உயிர். பிழைச்ச ஒரே மனுஷர் உட்கார்ந்திருந்த சீட் 11ஏ.

அடுத்த வாரம் நம்ம புலி என்ன பண்ணினார் தெரியுமா? "டெல்லி மீட்டிங்கை வீடியோ கால்லயே முடிச்சுக்கலாமே"ன்னு மேலிடத்துக்கு மெயில் தட்டினார். ஒரு மாசம் கழிச்சு போயே ஆகணும்னு ஆனப்போ, 11ஏ சீட் காலியா இருக்கான்னு தேடிக்கிட்டு இருந்தார். வேற மாடல் விமானத்துல அந்த சீட் எங்கே வருது, பக்கத்துல கதவு இருக்கா இல்லையான்னு கூட அவருக்குத் தெரியாது. நான் சிரிக்கலை. சத்தியமா சிரிக்கலை. அந்த பயம் என்னன்னு எனக்குத் தெரியும். ஆனா ரெண்டே மாசத்துல அவர் பழையபடி கட்டுவண்டி ஜோக்குக்குத் திரும்பினப்போதான் இந்தப் பதிவை எழுதியே ஆகணும்னு தோணிச்சு.

என் கதையை முதல்ல சொல்லிடறேன். இதுவரைக்கும் இங்கே எழுதினதில்லை.

2009-ல நான் டெல்லியில வேலை பார்த்தேன். ஒருநாள் காலையில ஆறு மணிக்கு அண்ணன் போன் பண்ணினான். "ஏல, அப்பா போயிட்டாருடே." திருநெல்வேலி பக்கத்துல எங்க ஊர். விமானத்துல கிளம்பியிருந்தா அன்னைக்கு ராத்திரிக்குள்ள வீட்டு வாசல்ல நின்னிருக்கலாம். கையில காசு இருந்தது, டிக்கெட்டும் இருந்தது. அதுக்கு சில வருஷம் முன்னாடி ஒரு மழைநாள்ல வந்த விமானம் குலுங்கின குலுங்கல்ல, இனி ஏற மாட்டேன்னு முடிவு பண்ணியிருந்தேன். அன்னைக்கும் என்னால முடியலை. ஆன்லைன்ல பேரெல்லாம் அடிச்சு, பணம் கட்டுற இடம் வந்ததும் கை வேர்த்து ஊத்துது. மூடிட்டேன். அண்ணன்கிட்ட "ப்ளைட்ல இடமே இல்லைடா"ன்னு பொய் சொன்னேன்.

அன்னைக்கு ராத்திரி தமிழ்நாடு எக்ஸ்பிரஸ். சென்னைக்கே 33 மணி நேரம், அதுக்கப்புறம் ஊருக்கு இன்னொரு நாள். ஐஸ் பெட்டியில வச்சுக்கிட்டு அவங்களும் எவ்வளவு நேரம்தான் காத்திருப்பாங்க? மறுநாள் நாக்பூர் பக்கம் வண்டி வந்துக்கிட்டு இருந்தப்போ போன் வந்தது. "எடுத்தாச்சுடே." அவ்வளவுதான். நான் போய்ச் சேர்ந்தப்போ கூடத்துல படமும் விளக்கும்தான் இருந்தது.

பதினாறாம் நாள் எப்படியோ விஷயம் வெளியே வந்திருச்சு. பந்தியில வச்சு சித்தப்பா கேட்டார். "பிளேன்ல ஏற பயந்துக்கிட்டா பெத்த அப்பன் முகத்தைப் பாக்காம இருந்த? நீயெல்லாம் ஆம்பளையால?" சுத்தியிருந்தவங்க சிரிச்சாங்க. சாவு வீட்டுல, அப்பாவோட படத்துக்கு முன்னாடி.

என் தப்பை நான் மறைக்கலை. அது சாகுற வரைக்கும் என்கூட வரும். ஆனா ஒண்ணு கேக்கறேன். அந்தப் பொய்யை நான் ஏன் சொன்னேன்? "அண்ணே, எனக்கு பயமா இருக்கு, யாரையாவது துணைக்கு அனுப்பு"ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, டெல்லியிலயே இருந்த சிநேகிதன் ஒருத்தன் என் கையைப் பிடிச்சு ஏத்தி விட்டிருப்பான். சொல்ல முடியலையே! சொன்னா சிரிப்பாங்கன்னு தெரியுமே! என்னை ரயில்ல ஏத்தினது பயம். வாயை அடைச்சது உங்க சிரிப்பு.

நம்ம ஊர்ல இது இன்னும் மோசம். நமக்கு விமானம்ங்கறது வெறும் வண்டி இல்லை, அந்தஸ்து. ஒருத்தன் துபாய் போறான்னா ஒரு வேன் நிறைய சொந்தக்காரங்க மீனம்பாக்கத்துக்கோ திருச்சிக்கோ வழியனுப்ப வருவாங்க. அப்பேர்ப்பட்ட பாக்கியத்தைப் பார்த்து ஒருத்தன் பயந்தா அது பட்டிக்காட்டுத்தனம், நன்றிகெட்டத்தனம்! ஆனா டேக்-ஆஃப் ஆகும்போது கொஞ்சம் பக்கத்து சீட்டுகளைப் பாருங்க. ஒருத்தர் உதடு முணுமுணுக்கும். ஒருத்தர் கையில ஜெபமாலை. இன்னொருத்தர் கைப்பிடியைப் பிடிச்சிருக்கிற பிடியில நரம்பு புடைச்சிருக்கும். அத்தனை பேருக்கும் பயம் இருக்கு. ஒத்துக்கிட்டவன் மட்டும் கோமாளி.

சரி, சிரிக்கிறவங்க வாதத்துக்கு வருவோம்.

வாதம் ஒண்ணு: "ரோடுதான் ஆபத்து."

ஆமாய்யா, உண்மைதான். 2022-ல மட்டும் இந்தியச் சாலைகள்ல செத்தவங்க 1,68,491 பேர். 2001 செப்டம்பர் தாக்குதலுக்கு அப்புறம் அமெரிக்காவுல நிறைய பேர் விமானத்துக்கு பயந்து கார்ல போனாங்க. அதனால அடுத்த ஒரு வருஷத்துல சுமார் 1500 பேர் கூடுதலா சாலையில செத்தாங்கன்னு கெர்ட் கிகரன்சர்ங்கற ஜெர்மன் உளவியலாளர் கணக்குப் போட்டிருக்கார். பயம் ஆளைக் கொல்லும். எனக்கே தெரியும். பயப்படுறவன்தான் இந்தக் கணக்கையெல்லாம் ராத்திரி முழிச்சு உட்கார்ந்து படிக்கிறவன். எங்களுக்குத் தெரியாத எதையும் நீங்க சொல்லலை. கணக்கு மூளைக்குப் போகுது, பயம் அடிவயித்துல இருக்கு.

அப்புறம், நம்ம புலி தினமும் பைக்ல வர்றவர். ஹெல்மெட் எங்கே இருக்கும்? பெட்ரோல் டேங்க் மேல! புள்ளிவிவரப்படி நீங்களே வாழலை சாமி, என்னை மட்டும் ஏன் வாழச் சொல்றீங்க?

வாதம் ரெண்டு: "படிச்சவன் பயப்படலாமா?"

நட்சத்திர மண்டலங்களையே கதையா எழுதின ஐசக் அசிமோவ் வாழ்நாள்ல விமானம் ஏறினது ரெண்டே தடவை. விண்வெளியைத் திரையில காட்டின ஸ்டான்லி குப்ரிக் விமானம் ஓட்ட லைசென்ஸ் வாங்கினவர், அப்புறம் ஏறவே மாட்டேன்னுட்டார். கால்பந்து ரசிகர்களுக்கு டென்னிஸ் பெர்க்காம்ப்பைத் தெரியும். ஆர்செனல் அணியில இருந்த காலம் பூரா அவர் விமானம் ஏறலை. தரை வழியா போக முடியாத ஐரோப்பிய ஆட்டங்களுக்கு அவர் இல்லாமலே அணி போகும். இவங்களுக்கெல்லாம் அறிவு இல்லையா, இல்லை தைரியம் இல்லையா?

வாதம் மூணு: "பயந்தாங்கொள்ளி."

இதுக்குத்தான் இந்தப் பதிவே. விமானம் இன்னைக்கு இவ்வளவு பாதுகாப்பா இருக்கே, அது யாரால? "ஒண்ணும் ஆகாது, சும்மா வா"ன்னு சொன்னவங்களாலயா? இல்லவே இல்லை. "ஏதோ தப்பா இருக்கே"ன்னு பயந்தவங்களால.

1954-ல காமெட்ங்கற ஜெட் விமானம் ரெண்டு, மூணு மாச இடைவெளியில நடுவானத்துல உடைஞ்சு கடல்ல விழுந்தது. எல்லா காமெட்டையும் தரையில நிறுத்தினாங்க. ஒரு விமானத்தோட உடம்பை பெரிய தண்ணித் தொட்டிக்குள்ள வச்சு, காத்தழுத்தத்துக்குப் பதிலா தண்ணியை ஏத்தி ஏத்தி இறக்கினாங்க. திறப்போட மூலையில ஆரம்பிச்ச விரிசல் உடம்பையே கிழிச்சது தெரிஞ்சது. உலோகத்துக்கும் களைப்பு வரும்னு விமான உலகம் அப்படித்தான் பாடம் படிச்சது.

1996 நவம்பர் 12, ஹரியானாவுல சர்க்கி தாத்ரி. டெல்லியிலிருந்து ஏறின சவூதி விமானமும், டெல்லிக்கு இறங்கி வந்த கஜகஸ்தான் விமானமும் வானத்துல மோதி 349 பேர் இறந்தாங்க. ஒருத்தர் கூட மிஞ்சலை. அதுக்கப்புறம்தான் வர்ற பாதை வேற, போற பாதை வேறன்னு பிரிச்சாங்க. மோதல் தடுப்புக் கருவியையும் கட்டாயமாக்கினாங்க. ரெண்டு விமானம் நெருங்கினா அந்தக் கருவிகள் தங்களுக்குள்ள பேசி, ஒரு பைலட்டை ஏறு, இன்னொருத்தரை இறங்குன்னு சொல்லும்.

எல்லாத்தையும் விடுங்க. 1977 மார்ச் 27, ஸ்பெயினுக்குச் சொந்தமான டெனரீஃப் தீவு. ரன்வேயில மூடுபனி. ரெண்டு 747 விமானங்கள். ஒண்ணு கிளம்பத் தயாரா நிக்குது, இன்னொண்ணு அதே ரன்வேயில இன்னும் ஊர்ந்துக்கிட்டு இருக்கு. கிளம்பின கேஎல்எம் விமானத்தோட கேப்டன் அந்த நிறுவனத்துலயே பெரிய தலை, மத்த பைலட்டுகளுக்குப் பயிற்சி கொடுக்கிறவர், விளம்பரத்துல படம் வந்தவர். வேகம் எடுக்கும்போது பின்னாடி உட்கார்ந்திருந்த ப்ளைட் இன்ஜினியருக்கு ஒரு சந்தேகம். அந்த விமானம் ரன்வேயை விட்டுப் போயிருச்சான்னு கேட்டார். போயிருச்சு போயிருச்சுன்னு முன்னாடியிருந்து அழுத்தமா பதில் வந்தது. இன்ஜினியர் அதுக்கு மேல பேசலை. சில வினாடிகள்ல 583 பேர் போயிட்டாங்க. விமான விபத்துகள்லயே இன்னைக்கு வரைக்கும் அதிக உயிர்களை எடுத்தது அதுதான்.

அந்த விமானத்துல பயப்பட ஆள் இருந்தார். கேட்கத்தான் ஆள் இல்லை.

அதுக்கப்புறம் விமானத்துறை திருந்திச்சு. கீழே இருக்கிறவன் சந்தேகப்பட்டா மேலே இருக்கிறவன் காது கொடுக்கணும்னு பைலட்டுகளுக்குத் தனிப் பயிற்சியே வந்தது. அந்தத் துறை 583 உயிரைக் கொடுத்துக் கத்துக்கிட்டதை நாம சாப்பாட்டு மேசையில இன்னும் கத்துக்கலை. ஒருத்தன் "பயமா இருக்கு"ன்னு வாயைத் திறந்தா, நாம எல்லாரும் அந்த கேப்டன்தான்.

இப்போ நான் ஏறுறேனா? ஏறுறேன். 2013-ல அம்மாவுக்கு உடம்பு முடியலைன்னு தகவல் வந்தது. இன்னொரு நாக்பூர் வேண்டாம்னு வெறியோட ஏறிட்டேன். சட்டை தொப்பலா நனைஞ்சிருந்தது. பக்கத்து சீட்டுல ஒரு பெரியவர், விமானப்படையில மெக்கானிக்கா இருந்து ரிட்டயர் ஆனவர். என்னைப் பார்த்தார், சிரிக்கலை. "எது பயமா இருக்கு தம்பி?"ன்னு கேட்டார். வாழ்க்கையிலேயே முதல் தடவையா ஒருத்தர் கேட்டார்!

"சத்தம் ஐயா"ன்னேன்.

அவ்வளவுதான். ஒவ்வொரு சத்தத்தையும் அது வர்றதுக்கு முன்னாடியே சொல்லிக்கிட்டே வந்தார். "இப்ப கீழே தொம்முனு ஒரு சத்தம் வரும், சக்கரம் உள்ளே போகுது." வந்தது. "இப்ப இன்ஜின் சத்தம் குறையும். விழற மாதிரி இருக்கும், ஆனா ஏறிக்கிட்டுதான் இருக்கோம் தம்பி." குறைஞ்சது. "இறக்கை ஆடுதேன்னு பார்க்காதீங்க. வளையிற மாதிரிதான் செஞ்சிருக்காங்க, வளையலைன்னாதான் பயப்படணும்." குலுங்கினப்போ பெல்ட்டை மட்டும் இறுக்கிக்கச் சொன்னார். ஒரு புள்ளிவிவரம் கூட சொல்லலை. எனக்கு பயம் போகலை. ஆனா பயத்தோட உட்கார முடிஞ்சது. அப்புறம் ஒரு மனநல மருத்துவர்கிட்டயும் போனேன், கொஞ்சம் கொஞ்சமா பழகினேன். இதுக்குச் சிகிச்சை இருக்கு மக்கா, வெட்கப்படாம போங்க. நான் ரொம்ப லேட்டா போனேன்.

அதனால சிரிக்கிறவங்களுக்கு ஒரே ஒரு வேண்டுகோள். அடுத்த தடவை உங்க தம்பியோ, சம்சாரமோ, கூட வேலை பாக்கிறவரோ பயமா இருக்குன்னு சொன்னா, ஆட்டோ கணக்கை எடுக்காதீங்க. "எது பயமா இருக்கு?"ன்னு கேளுங்க. ஜன்னல் சீட் வேணுமா, நடைபாதை சீட் வேணுமான்னு கேளுங்க. முடிஞ்சா பக்கத்துல உட்காருங்க. 2009-ல என்கிட்ட ஒருத்தர் அப்படிக் கேட்டிருந்தா, எங்க அப்பா முகத்தை நான் பார்த்திருப்பேன்.

புலி இந்தப் பதிவைப் படிப்பார்னு நினைக்கிறேன். சார், அடுத்த டெல்லி மீட்டிங்குக்கு ரெண்டு பேரும் சேர்ந்தே போகலாம். 11ஏ கிடைச்சா நீங்களே எடுத்துக்கோங்க, நான் பக்கத்துல உட்கார்ந்து ஒவ்வொரு சத்தமா சொல்லிக்கிட்டே வர்றேன்.

(பின்னூட்டத்துல திட்டுறவங்க தாராளமா திட்டலாம். ஆனா "ரோடுதான் ஆபத்து"ன்னு ஆரம்பிச்சா கண்டிப்பா டெலிட்!)